எக்ஸ்ரே ‘நார்மல்’... ஆனால் விரல் மடங்கவில்லையே!

“டாக்டர், படம் எடுத்துப் பாத்தாச்சு. எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்காம். அப்புறம் ஏன் டாக்டர் காலையில விரலை மடக்க முடியல?”

அரியமங்கலத்தில் உள்ள என் கிளினிக்கில் மாதத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுகிறார். கையில் பெரிய பழுப்புக் கவர், அதற்குள் ஓர் எக்ஸ்ரே, கூடவே ஒரு ரிப்போர்ட். சில மாதங்களுக்கு முன் இதே கேள்வியோடு வந்தவர் ஸ்ரீரங்கத்தில் பூ கட்டும் பெண்மணி. வயது நாற்பதுக்குள்தான். விடிகாலையில் பூக்கூடையோடு உட்கார்ந்தால் விரல் மரக்கட்டை மாதிரி இருக்கிறதாம். ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் நார் பிடிக்கவே வருகிறதாம். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தேன். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்களில் வீக்கம். லேசாகச் சேர்த்து அழுத்தியதும் “அம்மா!” என்று கையை இழுத்துக்கொண்டார். மூன்று மாதமாக இந்த அவஸ்தை.

“வீட்ல என்ன சொல்றாங்கம்மா?”

“அதான் படத்துல ஒண்ணுமில்லேன்னு வந்துடுச்சே, சும்மா சொல்றேன்னு நினைக்கிறாங்க டாக்டர்.”

வலியைவிட இந்த வார்த்தைதான் அவரை அதிகம் வாட்டியிருக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. உங்கள் வீட்டிலும் அம்மாவோ, அக்காவோ, மருமகளோ இப்படி ஒரு ‘நார்மல்’ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம். அதனால்தான் இந்த எக்ஸ்ரே விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முடக்குவாதம் என்கிறோம். சில ஊர்களில் சரவாங்கி என்பார்கள். ஆங்கில மருத்துவத்தில் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வாத நோய்கள் எண்பது என்று யூகி முனிவர் வகுத்திருக்கிறார். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் நடத்தும்போது, உதிர வாத சுரோணிதத்தை இந்த முடக்குவாதத்தோடும், அழல் கீல்வாயுவை வயதானவர்களுக்கு வரும் தேய்மான மூட்டுவலியோடும் ஒப்பிட்டுச் சொல்லித் தருவார்கள். இரண்டும் மூட்டுவலிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய். 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், டெல்லியை அடுத்த கிராமப்புறங்களில் பெரியவர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு முக்கால் பேருக்கு, அதாவது ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு, முடக்குவாதம் இருந்தது. கேட்பதற்குச் சின்ன எண்ணிக்கைதான். நம் திருச்சி மாதிரி ஊருக்குக் கணக்குப் போட்டால் பல ஆயிரம் பேர் வருகிறார்கள். பெண்களுக்கு ஆண்களைப் போல் இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது.

இந்த நோய் எலும்பில் ஆரம்பிப்பதில்லை. இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் மூட்டுக்குள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மூட்டுக்கு வேண்டிய வழவழப்பான நீரைச் சுரப்பது அதுதான். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஏதோ காரணத்தால் திசை மாறி இந்தச் சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது, சூடாகிறது, நீர் கோத்துக்கொள்கிறது. இது மாதக்கணக்கில் தொடர்ந்தால், தடித்த சவ்வு பக்கத்தில் உள்ள குருத்தெலும்பையும் எலும்பின் ஓரத்தையும் அரிக்கத் தொடங்குகிறது. எலும்பு கடைசியில்தான் மாட்டுகிறது.

எக்ஸ்ரேயோ எலும்பைப் பார்க்கிற படம். 1895-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி தன் மனைவியின் கையைப் படம் எடுத்தாரே, அந்தப் புகழ்பெற்ற படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். விரல் எலும்புகள் பளிச்சென்று தெரியும். மோதிரம் கறுப்பாகத் துருத்திக்கொண்டு தெரியும். சதை மட்டும் வெறும் நிழல். இன்றைக்கும் கதை அதுதான். எலும்பும் உலோகமும் துல்லியம், சவ்வும் சதையும் மங்கல். (உலகத்தின் புகழ்பெற்ற முதல் எக்ஸ்ரே ஒரு பெண்ணின் கை என்பதும், முடக்குவாதத்துக்கு நாம் முதலில் எடுக்க வேண்டியதும் கைப்படம்தான் என்பதும் ஒரு வேடிக்கையான பொருத்தம்!) சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்கவியல் கழகம் 1934-லேயே தொடங்கப்பட்டது. அப்படி நமக்கு எக்ஸ்ரே பழக்கமாகித் தலைமுறைகள் ஆகிவிட்டன. அதனாலோ என்னவோ, ‘படத்தில் தெரியாதது உடம்பில் இல்லை’ என்று நம்பும் அளவுக்கு வந்துவிட்டோம்.

வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆரம்பத்தில் சுவரை போட்டோ எடுத்தால் ஒன்றும் தெரியாது. கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும். பூச்சு உதிர ஆரம்பித்த பிறகுதான் போட்டோவில் விழும். நம் பூக்காரம்மாவின் விரல் கணுக்கள் அப்படித்தான் இருந்தன. என் கைக்குத் தெரிந்தது, படத்துக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எக்ஸ்ரேயே வேண்டாமா என்று கேட்காதீர்கள். நிச்சயம் வேண்டும். ஆனால் அதை எதற்காக எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

படத்தில் என்னென்ன தெரியும்?

முடக்குவாதக்காரரின் கைப்படத்தில் முதலில் தெரிவது மூட்டைச் சுற்றிச் சதை வீங்கிய நிழல். அடுத்து, மூட்டுக்குப் பக்கத்தில் உள்ள எலும்பு மட்டும் சற்று வெளிறித் தெரியும். அங்கே சுண்ணாம்புச் சத்து குறைந்துவிட்டது என்று அர்த்தம். இவை இரண்டும் ஆரம்ப அறிகுறிகள். சந்தேகத்தைக் கிளப்புமே தவிர, உறுதி சொல்லாது. மூன்றாவது, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே சீராகக் குறைவது. இடைவெளி என்று சொல்கிறோமே தவிர, அது காலி இடம் கிடையாது. குருத்தெலும்பு இருக்கிற இடம் அது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது என்பதால் காலியாகத் தெரிகிறது. அந்த இடம் குறைந்தால் குருத்தெலும்பு கரைந்திருக்கிறது என்று பொருள். நான்காவதுதான் முக்கியமானது. எலும்பின் ஓரத்தில், எலி கடித்த முறுக்கு மாதிரி ஒரு சின்னக் கடி. இதை ‘எரோஷன்’ என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். அரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு ஓரத்தில் குருத்தெலும்பு மூடாத ஒரு கீற்று உண்டு. வீங்கிய சவ்வு நேராக எலும்பைத் தொடுவது அங்கேதான். கடி விழுவதும் அங்கேதான். இதற்கும் மேலே போனால் மூட்டு நழுவி விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்வது, மணிக்கட்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது என்று போகும். ஸ்டைன்பிராக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 1949-லேயே இந்தச் சேதத்தை நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்தார்.

சரியான சிகிச்சை இல்லாவிட்டால், பலருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே இந்தக் கடி விழ ஆரம்பித்துவிடுகிறது. விழுந்த கடி பெரும்பாலும் நிரம்புவதில்லை. முடக்கற்றான் தோசை நல்லதுதான். என் வீட்டிலும் வாரம் ஒருநாள் உண்டு. ஆனால் அரித்துப் போன எலும்பை அது நிரப்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தேய்மான மூட்டுவலியின் படம் வேறு மாதிரி இருக்கும். அதில் எலும்பு அரிக்காது, வளரும்! ஓரங்களில் முள் மாதிரி நீட்டிக்கொண்டு வரும். இடைவெளி ஒரு பக்கம் மட்டும் குறையும். விரலில் வந்தால் நகத்துக்கு அடுத்த கணுவில் முடிச்சு விழும். முடக்குவாதம் பெரும்பாலும் அந்த நுனிக் கணுவை விட்டுவிட்டு, நடுக்கணுவையும் அடிக்கணுவையும் மணிக்கட்டையும்தான் பிடிக்கும். தேய்மானத்தில் காலை விறைப்பு அரை மணிக்குள் விலகிவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் இழுக்கும். பாட்டிக்கு முழங்காலில் முள் வளர்ந்திருக்கிறது என்பதால், பேத்தியின் விரல் வீக்கத்தையும் ‘நம்ம குடும்பத்துக்கே இருக்கிற வாயு’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நிபுணர்களே மாற்றிக்கொண்டார்கள்!

1987-ல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் சங்கம் முடக்குவாதத்தை அடையாளம் காண ஏழு குறிப்புகளை வகுத்தது. ஏழில் நான்கு இருந்தால் முடக்குவாதம். அந்த ஏழில் ஒன்று எக்ஸ்ரே மாற்றம். நான் படித்து வெளியே வந்த காலத்தில் இதுதான் வேதம். பிறகுதான் ஒரு சங்கடம் புரிந்தது. படத்தில் மாற்றம் தெரிகிற வரை காத்திருந்தால், எந்தச் சேதத்தைத் தடுக்க நினைக்கிறோமோ அது நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே 2010-ல் அமெரிக்க, ஐரோப்பியச் சங்கங்கள் சேர்ந்து புதிய முறை கொண்டுவந்தன. எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, எந்த அளவு மூட்டு, ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டர் அல்லது ஆன்ட்டி சி.சி.பி. இருக்கிறதா, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஏறியிருக்கிறதா, ஆறு வாரம் தாண்டிவிட்டதா... இவற்றுக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டும். ஆறு வந்தால் முடக்குவாதம். இந்த மார்க் பட்டியலில் எக்ஸ்ரேக்கு இடமே இல்லை. பல மூட்டுகளில் முடக்குவாதத்துக்கே உரிய அரிப்பு தெளிவாகத் தெரிந்தால் மட்டும், மார்க் பார்க்காமலேயே நோய் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று விதிவிலக்கு வைத்தார்கள்.

அதாவது, படத்தில் அரிப்பு இருந்தால் அது நல்ல சாட்சி. இல்லாவிட்டால், நோய் இல்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ரத்தப் பரிசோதனையும் இதே கதைதான். ஆர்.ஏ. ஃபாக்டர் ‘நெகட்டிவ்’ என்று வந்தும் முடக்குவாதம் இருப்பவர்கள் உண்டு. ‘பாசிட்டிவ்’ வந்தும் ஒரு நோயும் இல்லாமல் நடமாடுபவர்கள் உண்டு. 2006-ல் தமிழகத்தில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்டு மாதக்கணக்கில் விரலும் கணுக்காலும் வீங்கி, அச்சாக முடக்குவாதம் மாதிரியே பலர் வந்து நின்றார்கள். அதனால் எந்த ஒரு காகிதத்தையும் தனியாக வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இப்போது என் தவறைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசி. நான் தொழிலுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். சாக்பீஸ் பிடித்தால் விரல் கடுக்கிறது, காலையில் சேலை கொசுவம் வைக்கவே முடியவில்லை என்றார். கைப்படம் எடுத்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. நாடியில் வாதம் மிகுந்திருந்தது. “எலும்புல ஒண்ணுமில்லம்மா, வெறும் வாயுதான்” என்று தைரியம் சொல்லி, தைலமும் உள்மருந்தும் கொடுத்து அனுப்பினேன். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இடையில் வருவதை நிறுத்திவிட்டார். ஒன்றேகால் வருடம் கழித்து வேறு ஊரில் எடுத்த படத்தோடு வந்தார். மணிக்கட்டிலும் நான்கு விரல் அடிக்கணுக்களிலும் கடி. விரல்கள் சாய ஆரம்பித்திருந்தன. சாக்பீஸை முஷ்டிக்குள் பிடித்துத்தான் எழுதுகிறேன் என்று சிரித்தபடி சொன்னார். என்மீது கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருடைய இரண்டு படங்களையும் அவர் சம்மதத்தோடு வாங்கி வைத்திருக்கிறேன். ‘நார்மல்’ கவரோடு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் அவற்றை வெளிச்சப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிக் காட்டுகிறேன்.

அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளும், எடுக்கச் சொல்லியிருக்க வேண்டிய படங்களும் இருந்தன.

எந்தப் படம் எடுக்க வேண்டும்?

வலிக்கிற ஒரு கையை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். மணிக்கட்டோடு சேர்த்து இரண்டு கைகள். கூடவே இரண்டு பாதங்கள். “காலே வலிக்கலியே டாக்டர், எதுக்கு வீண் செலவு?” என்பார்கள். பலருக்கு முதல் கடி விழுவதே பாதத்தில்தான், அதுவும் சுண்டுவிரலின் அடிமூட்டில். வலி சுத்தமாக இல்லாமலேயே விழலாம். நம்மவர்கள் மூட்டுவலி என்றாலே முழங்காலைப் படம் எடுத்துவிட்டு வருவார்கள். முடக்குவாதத்தை ஆரம்பத்தில் பிடிக்க முழங்கால் படம் அவ்வளவாக உதவாது.

முதல் படம் சுத்தமாக இருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் பெருமை பிறகுதான் தெரியும். அடுத்த வருடம் எடுக்கிற படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நோய் நின்றிருக்கிறதா, உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். வலி குறைந்திருந்தும் அரிப்பு கூடியிருப்பதைப் படம் காட்டிக்கொடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. இப்போது ஃபிலிமே கொடுக்காமல் சி.டி.யிலோ செல்போனிலோ அனுப்பிவிடுகிறார்கள். அதைத் தனியாகச் சேமித்து வையுங்கள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற படத்தில் நுண்ணிய கடி தெரியாது.

கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கை, கால் படத்துக்கு ஆகும் கதிர், இயற்கையாக மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் ஒரு நாளில் வாங்கும் அளவைவிடக் குறைவு. கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

படம் சுத்தம், ஆனால் வீக்கம் இருக்கிறது என்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நல்ல வழி. சவ்வின் வீக்கத்தையும் அதில் ஓடும் ரத்தத்தையும் நேராகக் காட்டும். எம்.ஆர்.ஐ. இன்னும் நுட்பமானது, செலவும் அதிகம். எல்லோருக்கும் தேவைப்படாது.

கழுத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை

பல வருடமாக முடக்குவாதம் இருப்பவர்களுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள கட்டு தளர்ந்துவிடலாம். அதற்குப் பின்னால்தான் தண்டுவடம் இருக்கிறது. நம் ஊர் சலூன்களில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் ‘நெட்டி’ எடுப்பார்களே, இவர்களுக்கு அது விபரீதத்தில் முடியலாம். சலூன்காரரை மட்டும் சொல்லவில்லை. வர்மம், தொக்கணம் செய்கிற எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முடக்குவாதம் என்று தெரிந்தால் கழுத்தைத் திருப்பவே கூடாது. வீங்கிச் சூடாக இருக்கும் எந்த மூட்டையும் அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. பின்தலை வலி, கை மரத்துப்போதல், நடக்கும்போது தடுமாற்றம் இவை இருந்தால் டாக்டரிடம் சொல்லிக் கழுத்தைக் குனிந்தபடியும் நிமிர்ந்தபடியும் பக்கவாட்டுப் படம் எடுக்க வேண்டும். வேறு எதற்காகவோ ஆபரேஷன் என்றாலும், மயக்க மருந்து டாக்டரிடம் ‘எனக்கு முடக்குவாதம் உண்டு’ என்று மறக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சை தொடங்கும் முன் நெஞ்சுப் படமும் கேட்பார்கள். கைவலிக்கு நெஞ்சுப் படமா என்று சண்டை போடாதீர்கள். சில மருந்துகள் நுரையீரலைப் பாதிக்கலாம், உறங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளப்பிவிடலாம். அதற்காகத்தான்.

ஐரோப்பிய நிபுணர்கள் 2016-ல் ஒரு கெடு சொன்னார்கள். மூட்டு வீக்கம் ஆரம்பித்த ஆறு வாரத்துக்குள் மூட்டுநோய் நிபுணரைப் பார்த்துவிட வேண்டும், நீடிக்கும் என்று தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். சித்த மருத்துவனாக இருந்துகொண்டு நான் இதைச் சொல்வதில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். எங்கள் மருந்துகளை நம்பித்தான் நான் தொழில் செய்கிறேன். ஆனாலும் முடக்குவாதம் என்று சந்தேகம் வந்தால் முதலில் நிபுணரிடம் அனுப்பிவிட்டு, அவருக்குத் தெரிந்துதான் என் பங்கைச் செய்கிறேன். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் ‘மூலிகை மாத்திரை’ என்று விற்பதை வாங்காதீர்கள். இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட சரக்குகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. வலி மறையும், எலும்பு இன்னும் வெளிறும்.

பூக்காரம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியையின் இரண்டு படங்களையும் அவருக்கும் அவர் கணவருக்கும் காட்டினேன். கணவர் ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கை, இரண்டு பாதம் என்று மறுபடி படம் எடுத்தார்கள். கைகள் அப்போதும் சுத்தம். வலது பாதத்தில், சுண்டுவிரல் அடிமூட்டில், கடுகளவு ஒரு கடி. அந்தக் காலில் அவருக்கு வலியே கிடையாது. ஆன்ட்டி சி.சி.பி.யும் அதிகமாக இருந்தது. மூட்டுநோய் நிபுணர் பரிசோதித்து முடக்குவாதம்தான் என்று உறுதி செய்து, மெத்தோட்ரெக்சேட் தொடங்கினார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து அது. தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைக்கச் சொன்னேன். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது, குழந்தைக்குத் திட்டம் இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் வந்திருந்தார். காலை விறைப்பு இருபது நிமிடமாகக் குறைந்திருக்கிறது. அடுத்த படம் ஒரு வருடம் கழித்துத்தான்.

“அதுவரைக்கும் பூ கட்டலாமா டாக்டர்?”

“தாராளமா கட்டுங்கம்மா. விடியக்காலையில் பச்சைத் தண்ணியில் கை வைக்காம, வெதுவெதுப்பான தண்ணியில் பத்து நிமிஷம் விரலை அசைச்சிட்டு ஆரம்பிங்க. வீக்கம் இருக்கிற நாள்ல மட்டும் லீவு.”

“லீவா? வைகுண்ட ஏகாதசிக்கா?” என்றார் பக்கத்தில் நின்ற கணவர். “அன்னிக்கு நான் கட்டுறேன் டாக்டர்.”